சீனக்குடா கோபுரத்துக்கு

கந்தளாய்க் குளம் இறக்கையின் கீழ் வந்ததும்
கூப்பிட வேண்டும்.
கூப்பிடுமுன் கேட்க வேண்டும்.
வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால்
அவர் சொல் தரையைத் தொடும்வரை
விரல் பொத்தானில் படக்கூடாது.
பிறகு: யாரை அழைக்கிறேன், நான் யார்,
எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன வேண்டும்.
எங்கள் வீட்டில் எவரும்
இந்த ஒழுங்கில் பேசியதில்லை.

கஜரூபினி என்ற பெயரை
இரத்மலானையில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.
இங்கே நான் டெல்டா லீமா கிலோ.
இரண்டு இருக்கை, ஒன்றில் தண்ணீர்ப் போத்தல்,
அரைத் தாங்கி எரிபொருள்,
தனியாக முதல்முறை திருகோணமலைக்கு.

"டெல்டா லீமா கிலோ, ஸ்டாண்ட்பை."

பெயரை மட்டும் திருப்பிச் சொன்னேன்.

பரீட்சையில் எழுதியிருக்கிறேன், நாலு புள்ளிக்கு:
ஸ்டாண்ட்பை என்றால் ஓமுமில்லை, மறுப்புமில்லை.
ரோஜர் என்றால் கேட்டது; அதற்கு மேல் ஒன்றுமில்லை.
என் குரல் அவர் காதுக்குள் போய்விட்டதென்று
நான் அவர் வானத்துக்குள் போய்விட முடியாது.
கீழே, இதே வீதியில், நான் பிறந்த வருடங்களில்
நில் என்றால் நிற்பதுதான்.
விளங்காவிட்டால் மறுபடி கேட்க
அங்கே ஒரு சொல் இருக்கவில்லை.
இங்கே இருக்கிறது: சே அகெய்ன்.

எல்லை, வரைபடத்தில் ஒரு நீலக் கோடு.
வெளியே தேடினால்
இந்தப் பக்கத்து முகில் அந்தப் பக்கத்து முகிலுக்குள்
சும்மா நுழைகிறது.
ஒரு பருந்து,
எந்த அலைவரிசையிலும் இல்லாதது,
எனக்கு முன்னால் உள்ளே போயிற்று.

இடப்பக்கம் சாய்ந்தேன்.
முதல் சுற்றில் அணைக்கட்டில் ஒரு லொறி.
இரண்டாவதில் அதே லொறி, டயர் கழற்றுகிறார்கள்.
மூன்றாவதில் எருமைகள்.
நான்காவதில்
காதில் இரைச்சல்கூட இல்லை.

பொறுமை போனால் எனக்கு வாய் நிற்காது.
"உந்த மனிசன் சாப்பிடப் போட்டாரோ?
கோயிலெண்டாலும் மூண்டு சுத்தோட விடும்.
குளமே, உனக்கு நான் என்ன நேத்தி வச்சனான்?"
இன்னும் சொன்னேன், இங்கே எழுத முடியாதவை.
லொறிக்காரனுக்கு டயர் மாற்றத் தெரியாது என்றும் சொன்னேன்.

ஐந்தாவது சுற்றில்தான் கண்டேன்:
வானொலி முகப்பில்
மிளகளவு ஒரு வெளிச்சம், அணையாமல்.
அனுப்புகிறது. அனுப்பிக்கொண்டே இருக்கிறது.
ஸ்டாண்ட்பைக்குப் பதில் சொன்ன கணத்திலிருந்து
பொத்தான் எழும்பவில்லை.
வியர்வையோ, இரத்மலானைத் தூசியோ,
நகத்தால் நெம்பினேன்.
டிக்.

உலகம் திரும்பி வந்தது.
"...கிலோ, உங்கள் மைக் சிக்கியிருக்கிறது,
டெல்டா லீமா கிலோ, உங்கள் மைக்..."
பத்தாவது தரமாக இருக்கலாம்.
களைப்பில்லாமல், கோபமில்லாமல், அதே வேகத்தில்.

காத்திருந்தது நான் என்று நினைத்திருந்தேன்.
என்னால் ஒரு விமானப்படை விமானம்
ஓடுபாதை முனையில் உறுமிக்கொண்டு நின்றதாம்.
கடைசியில் கோபுரத்திலிருந்து
பச்சை விளக்கைக் காட்டி அனுப்பினார்களாம்.
இது இறங்கியபின் தெரிந்தது.

அனுமதி வந்தது. துண்டு துண்டாக எழுதினேன்.
ஆயிரத்து ஐந்நூறு அடி.
ஓடுபாதை சுழியம் ஆறு.
அழுத்தம் ஒன்று சுழியம் சுழியம் நைனர்.
எழுதியதைத் திருப்பிச் சொன்னேன், இலக்கம் இலக்கமாக,
முடிவில் என் பெயர்.

"ரீட்பேக் கரெக்ட்," என்றது கோபுரம்.
ஒரு மூச்சு இடைவெளி.
பிறகு, ணகரம் னகரமாய்த் தேய்ந்த தமிழில்:
"சுத்தினது கானும். வாங்கோ."

உயரம், ஓடுபாதை, அழுத்தம்
திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும்.
இது அந்தப் பட்டியலில் இல்லை.
முகம் கொதிக்க,
"டெல்டா லீமா கிலோ" என்றேன்.
விரலை எடுத்தேன்.
வெளிச்சம் அணைந்ததா என்று இருதரம் பார்த்தேன்.

மூக்கை வடகிழக்கே திருப்பும்போது
அணைக்கட்டில் லொறியைக் காணவில்லை.